ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு கார்ட்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீங்கள் உயிரோடு இருக்கையில் எட்டு ஆண்டுகள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு பத்து மாதங்கள். செத்தவரைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று ஊரார் சொல்வதால் அந்தப் பத்து மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகலோடு அதுவும் முடிந்தது.

அன்று உங்கள் மகள் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு வந்தாள். பாரிஸின் ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்குக் கோடியில், நகைக்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் நடுவில் இருக்கிறதே, அதே இடம். கல்யாண அழைப்பிதழ், பெரிய பிள்ளையானவளின் சாமத்திய வீட்டு அட்டை, செத்தவருக்கான அந்தியேட்டி மலர் என்று இந்த வட்டாரத்துத் தமிழரின் நல்லதும் கெட்டதும் என் கணினித் திரையைத் தாண்டித்தான் வெளியே போகும். அவள் துணிப்பையிலிருந்து ஐந்து காயேக்களை எடுத்து என் முன்னால் அடுக்கினாள். கொப்பியைக் காயே என்று சொல்லப் பழக்கியவர் நீங்கள். நீல மட்டை, உள்ளே பள்ளிப் பிள்ளைகளுக்குரிய சதுரக் கோடுகள். மேலே இருந்ததைத் திறந்ததும் சோம்பு வாசம் எழுந்தது. குரல் கம்மாமலிருக்க எந்நேரமும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பீர்களே, அந்த வெள்ளைச் சோம்பு மிட்டாய். ஆள் போனாலும் வாசம் போகவில்லை.

"தொந்தோன்," என்றாள். பிரெஞ்சுப் பிள்ளைகள் சித்தப்பனைக் கூப்பிடுவது போல அவள் சின்ன வயதிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "இது அப்பாவோட காயே. எல்லாம் அப்பா கையால எழுதினது. வருஷ நினைவுக்கு இத லிவ்ரா, புத்தகமா போடுறோம். அப்பா எழுதின மாதிரியே வேணும், ஒரு வார்த்தை மாத்தாம. பென்சில்ல எழுதினதையும் விடாதீங்க."

"நீங்கள் வாசிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க தமிழ் படிக்க வரும்? நான் பேசினாலே அப்பா சிரிப்பாரு." அவளும் சிரித்தாள். உங்கள் சிரிப்பு. "அப்புறம் நீங்களும் ஒரு லெத்ர் எழுதணும் தொந்தோன். அப்பாவுக்கு. அப்பா கூட எல்லா ஊருக்கும் போனது நீங்கதானே."

நான் காயேயைப் பார்த்தேன். முதற் பக்கம், முதல் வரி. 'கோயிலைப் பார்க்கும் முன் கோயிலின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.' என் எழுத்து. 'கோ'வின் கொம்பை நான் போடும் விதம். ஐந்து காயேக்கள், ஏறத்தாழ நானூறு பக்கங்கள், மை முழுவதும் என் மை. அப்பாவின் கை என்று அந்தப் பிள்ளை தடவிக் காட்டியது என் கையெழுத்தை.

"ஓம், செய்து தாறன்," என்றேன்.

அவள் கேட்ட கடிதம் இதுதான். இதைக் கணினியில் அடிக்கவில்லை, காயேக்களை எழுதிய அதே கையால் எழுதுகிறேன்.

நாம் சந்தித்தது சேன்-தெனிப் பேராலயத்தில், அரசர்களின் கல்லறைகளுக்கு நடுவில். எனக்கு அன்று விடுமுறை. வாரத்தில் ஆறு நாள் உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்; ஏழாம் நாள் கல்லைப் பார்க்கப் போவேன். ஊரில் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்தவன் நான். மூன்றாம் ஆண்டைக் கடக்க யுத்தம் விடவில்லை. நீங்கள் இருபது பேருக்கு முன்னால் நின்றீர்கள். பாண்டிச்சேரிக்காரரும் எங்கள் யாழ்ப்பாணத்தாரும் கலந்த கூட்டம். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் தொங்கும் வழிகாட்டி அட்டை, பிரசங்கியாரின் குரல். இரண்டு தட்டாகச் செதுக்கிய ஒரு பெரிய கல்லறையைக் காட்டி, மேலே முழந்தாளில் இருப்பவரைக் காட்டினீர்கள். அரசர். கீழே அம்மணமாகக் கிடப்பது யார் என்று ஒரு அம்மா கேட்டார். உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் உங்களுக்கு வராது.

"அது அவரோட வேலைக்காரன்மா. எஜமான் கூடவே செத்துட்டான். விசுவாசம்."

இருபது பேரும் உச்சுக் கொட்டினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மன்னிக்கோணும் அண்ணை," என்றேன். "அது வேலைக்காரன் இல்லை. மேலையும் கீழையும் ஒரே ராசாதான். மேலை உயிரோடை இருந்து கும்பிடுறார். கீழை செத்த உடம்பு. வயித்திலை பாருங்கோ, குடலை எடுத்திட்டுத் தைச்ச தையல் தெரியும்."

எல்லாரும் குனிந்து தையலைப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ கூட்டத்தைப் பார்த்து, "இதத்தான் நானும் சொல்ல வந்தேன். நம்ம தம்பி முந்திக்கிட்டாரு," என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லறைக்கு நடந்தீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் பின்னால் வந்த பத்து ஆண்டுகளும் இருந்தன. நான்தான் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் காப்பி வாங்கித் தந்தீர்கள். "எங்க படிச்ச தம்பி? இவ்ளோ தெரிஞ்சுக்கிட்டு தட்டு கழுவுறியா?" இந்த நாட்டுக்கு வந்த ஐந்து ஆண்டுகளில் என் படிப்பைப் பற்றிக் கேட்ட முதல் மனிதர் நீங்கள். அதற்காகவே உங்களுக்கு என் உயிரைக்கூடக் கொடுத்திருப்பேன். கிட்டத்தட்டக் கொடுத்தேன்.

கார்ட் என்று நீங்கள் சொல்லும் அந்த அட்டையின் கதையை அன்றுதான் விளக்கினீர்கள். இந்த நாட்டில் அரும்பொருளகத்துக்குள்ளும் பழைய ஆலயங்களுக்குள்ளும் பயணக் குழுவுக்கு விளக்கம் சொல்ல அரசின் அட்டை வேண்டும். பழைய விதிப்படி, இரண்டு மொழி தெரிந்தவர் என்ற கணக்கில் உங்களுக்கு அது கிடைத்திருந்தது. என்னிடம் முடியாத படிப்பும் அரைகுறைப் பிரெஞ்சும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வதிவிடத் தாளும் இருந்தன. ஆகவே ஒழுங்கு இப்படி அமைந்தது: நான் எழுதுவேன், நீங்கள் மனப்பாடம் செய்வீர்கள். சனிக்கிழமை காலையில் லா ஷப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்திலிருந்து பஸ் புறப்படும். பஸ்ஸுக்குள் வழி நெடுக ஒலிவாங்கியில் நீங்கள். இறங்கியதும் முன்னால் நீங்கள். கூட்டத்தின் கடைசியில் நான். கேள்வி வந்து நீங்கள் தடுமாறினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். நான் முன்னால் வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டுவது போல நீட்டிப் பதிலைக் காதில் சொல்வேன். எத்தனை தண்ணீர் குடித்தீர்கள் அண்ணை.

உங்கள் தரப்பில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாசிப்பவர் என்னைப் பொய்யன் என்பார்கள். வதிவிடத் தாள் புதுப்பிக்கும் அரசு அலுவலகமான பிரெபெக்சர் வாசலில் என்னோடு விடியும் முன் வரிசையில் நின்றவர் நீங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பப்பியே தாள்களைத் திருப்பித் தள்ளியபோது, அவள் முகம் சிவக்கும்படி சுத்தமான பிரெஞ்சில் நாலு வார்த்தை சொன்னவரும் நீங்கள்தான். முதல் குளிருக்கு உங்கள் பழைய கோட்டைத் தந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்க விட்டதில்லை. எதைக் கேட்டாலும், "அந்த பிரெபெக்சர் கியூவுல யாருடா நின்னா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பீர்கள். அதன் பிறகு நான் என்ன பேச?

காயேயில் இடப்பக்கம் நீங்கள் சொல்ல வேண்டியதை எழுதுவேன். வலப்பக்கம் எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே சிரிக்க வைக்க வேண்டும் என்ற குறிப்புகள். ஷார்த்ர் ஆலயத்தின் நீலக் கண்ணாடிகளுக்கு எழுதிய பக்கத்தில், 'இங்கே நிறுத்தவும். கண் இருட்டுக்குப் பழகும்வரை பேச வேண்டாம்' என்று குறித்திருந்தேன். நீங்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டீர்கள். ஐம்பது பேர் உள்ளே நுழைந்ததும் கையை உயர்த்தி, அந்தக் கனத்த குரலில், "இங்கே நிறுத்தவும். கண் இருட்டுக்குப் பழகும்வரை பேச வேண்டாம்," என்றீர்கள்.

ஐம்பது பேரும் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. குழந்தைகள்கூட. இருட்டிலிருந்து அந்த நீலம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. லண்டனிலிருந்து வந்த ஒரு அம்மா அழுதார். திரும்பும் வழியில் பஸ் முழுக்க அதே பேச்சு. "மனுசன் ஒரு வார்த்தையிலை எங்களை நிப்பாட்டிப்போட்டார்." "சும்மா பேசுறவனெண்டால் பேசிக்கொண்டெல்லோ இருப்பான். பேசாமல் காட்டினார் பாத்தீங்களோ, அதுதான் ஞானம்."

அன்று ஒருவருக்கு மட்டும் விளங்கியது. பியர்ஃபித்தில் இருந்து வரும், தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற டீச்சர் அக்கா. எப்போதும் முதல் இருக்கை. இறங்கும்போது என் கையைப் பிடித்து, "தம்பி, பேச வேண்டாம் எண்டு ஆரும் தனக்குத் தானே உத்தரவு போடுவினமோ? அதுவும் பாண்டிச்சேரி மனிசன் 'நிறுத்தவும்' எண்டுவாரோ? அது நீர் எழுதினது," என்றார். "பயப்படாதையும். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்," என்று கண்ணைச் சிமிட்டினார். சொல்லுங்கள் அக்கா என்று கத்தியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு நின்றேன்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் பலருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துத் தங்களுக்குள் சிரிப்பார்கள். பயணம் நன்றாக நடந்தது, பிறகேன் வம்பு?

உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது நோத்ர் தாம் முகப்பில் தன் தலையைத் தன் கையில் ஏந்தி நிற்கும் புனித தெனிதான். வெட்டப்பட்ட தலையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தார் என்பது இவர்களின் கதை. நம் நாட்டில் கொற்றவைக்குத் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் வீரனின் நடுகற்கள் உண்டு. அவற்றை நான் பக்கத்தில் வைத்து எழுதினேன். ஒருவன் தலையைக் கொடுத்து நிற்கிறான். இன்னொருவன் தலையைத் திரும்ப எடுத்து நடக்கிறான். 'வெட்டியவன் பெயர் தெரியாது. நடந்தவன் பெயரில் ஊர் இருக்கிறது.' அந்த வரிக்காக இரண்டு வாரம் தட்டுக்களுக்கு முன்னால் முணுமுணுத்தேன். நீங்கள் அதைச் சொன்னபோது நெற்றியில் நீறு பூசிய எங்கள் ஆட்கள் தெனியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். கத்தோலிக்கரான உங்கள் கண்ணும் கலங்கியது. அது நடிப்பில்லை. என் வாக்கியத்துக்கு நீங்கள் உண்மையாகவே அழுதீர்கள். பிறகு விழா மேடைகளில், வானொலியில், கல்யாண வீடுகளில் அந்த வரியைச் சொல்லாமல் ஊரார் உங்களை விட்டதில்லை. இப்போது உங்கள் மகள் அச்சடிக்கும் நூலின் பெயரும் அதுதான்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒருநாள் குழு சாப்பிடப் போயிருந்தது. தெற்கு வாசலில் நாம் இருவர் மட்டும். ஒரு பக்கம் முடி சூடி நிமிர்ந்து நிற்கும் பெண், திருச்சபை. மறுபக்கம் கண்ணைக் கட்டிய, ஈட்டி முறிந்த பெண், தோற்றவளாகக் காட்டப்பட்ட யூத நெறி. "அண்ணை, செதுக்கினவன் ஆரின்ரை பக்கம் எண்டு பாருங்கோ," என்றேன். "வெண்டவளை ஒழுங்காச் செதுக்கியிருக்கிறான். தோத்தவளை ஆசையோடை செதுக்கியிருக்கிறான்."

நீங்கள் சோம்பு மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினீர்கள். "தோத்தவங்கதான் அழகா இருக்காங்க. அது உனக்கு ஆறுதலா இருக்கா தம்பி?"

வேடிக்கையாகச் சொன்னீர்கள் என்று அப்போது நினைத்தேன்.

எனக்கு நாற்பத்து நான்கு வயதானபோது டீச்சர் அக்காதான் ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். படிப்பை முடிக்காதவரும், செய்த வேலையின் அனுபவத்தைக் காட்டிப் பட்டம் கேட்கலாம் என்று இந்த நாட்டில் ஒரு வழி இருக்கிறது. பட்டம் கிடைத்தால் அட்டை கிடைக்கும். அதற்கு ஒரே ஒரு அத்தாட்சிக் கடிதம் வேண்டும். பத்து ஆண்டுகள் பயணக் குழுக்களுக்கு விளக்கங்கள் தயாரித்தேன் என்று பயணத்தை நடத்துபவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். உங்களிடம் கேட்டேன். வாழ்க்கையில் உங்களிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

"எழுதிக் குடுத்துடலாம் தம்பி. அதுக்கென்ன?"

மூன்று மாதம் இழுத்தடித்து, கடைசி நாளுக்கு முந்தின நாள் உறையை ஒட்டித் தந்தீர்கள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. பெரியவர் தந்த உறையை அவர் முன்னாலோ பின்னாலோ பிரிப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவன். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த ஒரு மடைத்தனத்தை மட்டும் உங்கள் மேல் போட மாட்டேன், அது என்னுடையது.

பட்டத்துக்கான தேர்வுக் குழுவில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். சேன்-தெனியின் கல்லறைகளைப் பற்றிக் கால் மணி நேரம் கதைத்தேன். என் பிரெஞ்சு நொண்டியது, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா ஒரு கட்டத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு உறையைப் பிரித்தார். வாசித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். "ஐயா, இதில் வேறு விதமாக எழுதியிருக்கிறதே," என்று தாளை என் பக்கம் திருப்பினார்.

உங்கள் கையொப்பத்துக்கு மேல் இரண்டு வரிகள். குழுவுடன் பயணம் செய்து பயணப் பொதிகளை ஏற்றி இறக்குவதில் உதவினார். நேரம் தவறாதவர்.

நேரம் தவறாதவர். பட்டம் கைவிட்டுப் போனது. அந்த இரண்டாவது வரியை ஏன் எழுதினீர்கள் என்று கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகளாக யோசிக்கிறேன். முதல் வரி களவு. இரண்டாவது வரி நையாண்டி.

ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் தேர் புறப்படும் நாளில்தான் உங்களைப் பிடிக்க முடிந்தது. தெருவெல்லாம் உடைத்த தேங்காயும் இளநீரும் வழுக்கிக்கொண்டிருந்தன. நடைபாதையில் நின்ற பிரெஞ்சுக்காரர் சிலருக்கு நீங்கள் தேரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர்களின் ஆலயம் அசையாமல் நிற்கும், ஆட்கள் அதைத் தேடிப் போவார்கள். எங்கள் ஆலயம் ஆண்டுக்கு ஒருநாள் எழுந்து ஆட்களைத் தேடி வரும். அதுவும் நான் எழுதியது. நாலாம் காயே. முடியும்வரை காத்திருந்து கேட்டேன்.

"ஏன் அண்ணை அப்பிடி எழுதினீங்கள்?"

நீங்கள் ஒளிக்கவில்லை. அதற்கு ஒரு மதிப்பு வைக்கலாம். தோளில் கை போட்டு, உடைந்த தேங்காய்களைத் தாண்டி ஓரமாக அழைத்துப் போனீர்கள்.

"கோவப்படாத தம்பி. நல்லா யோசிச்சுப் பாரு. ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு கார்ட் எதுக்கு?"

"அது என்ரை வேலையெல்லோ அண்ணை. நான் எழுதினதெல்லோ."

"எழுதினது நீதான். யாரு இல்லன்னா? ஆனா கேட்டது யாரு சொல்லி? நீ பேசியிருந்தா பத்து பேர் நின்னு கேட்டிருப்பானா? உன் பிரெஞ்ச கேட்டா வாசல்ல இருக்கிற செக்யூரிட்டியே உள்ள வுட மாட்டான்." பிறகு அந்தச் சிரிப்பு. "பிரெபெக்சர் கியூவுல யாருடா நின்னா?"

தோளிலிருந்த உங்கள் கையை எடுத்துவிட்டேன். தேர் எங்களைத் தாண்டிப் போனது. அடுத்த சனிக்கிழமை நான் பஸ்ஸுக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஐந்து காயேயும் உங்களிடம் இருந்தன, நான் தேவைப்படவில்லை. பஸ் ஓடியது. பயணிகளில் ஒருவர்கூட, பின்னால் நிற்கும் அந்த ஆள் எங்கே என்று என் கதவைத் தட்டவில்லை.

உங்கள் இறுதிப் பூசைக்கு வந்தேன். கடைசி வரிசை, பழக்கமான இடம். ஒருவர் எழுந்து உங்களைப் பற்றிப் பேசி, வெட்டியவன் பெயர் தெரியாது என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்த டீச்சர் அக்கா என் கையை இறுக்கினார். "விடும் தம்பி. செத்த மனிசன்."

நான் விடவில்லை. விடுவதற்கு இந்த ஊர் சொல்லித் தரவில்லை. நாம் சந்தித்த அதே சேன்-தெனியில் புரட்சிக்காரர்கள் அரசர்களின் பெட்டிகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். நோத்ர் தாம் முகப்பில் வரிசையாக நின்ற சிலைகளின் தலைகளையும் கொய்தார்கள். அவை பிரான்சின் அரசர்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் அவர்கள் வேதாகமத்து யூதாவின் அரசர்கள். ஆத்திரம் ஆள் மாறி வெட்டும் என்று இரண்டாம் காயேயில் எழுதியிருந்தேன், நீங்களும் அழகாகச் சொல்வீர்கள். ஆகவே நான் ஆளைச் சரியாகப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் தன் தகப்பனின் எழுத்து என்று நம்பி அந்தத் தாள்களை முகர்ந்து பார்க்கிறாள். நீங்கள்தான் அவளை அப்படி நம்ப வைத்தீர்கள். வீட்டுக்குள்ளும் உண்மை சொல்லவில்லை. எனக்குச் செய்ததைவிட அது கேவலம்.

நான்கு நாளாக அச்சுக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். என் சொற்களை, உங்கள் பெயருக்குக் கீழே, என் விரல்களாலேயே. ஒரு மூலையில் சின்ன எழுத்தில் என் பெயரை நுழைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஆள் பாராத நேரத்தில் பெயரை மாற்றுவது உங்கள் தொழில். நான் அதற்கு இறங்க மாட்டேன்.

ஐந்தாம் காயேயின் ஓரங்களில்தான் பென்சில் எழுத்தைக் கண்டேன். இது மட்டும் உங்கள் கை. நடுங்கும், சாய்ந்த எழுத்து. ஷார்த்ர் பக்கத்தில்: 'அந்த நீலத்துக்கு என்ன கலந்தாங்க? தம்பிகிட்ட கேக்கணும்.' ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்தில்: 'கண்ணு கட்டினவளப் பத்தி தம்பி ஒண்ணு சொன்னான். மறந்துட்டேன்.' கடைசியில், தீக்குப் பிறகு நோத்ர் தாம் மீண்டும் திறந்தபோது போயிருக்கிறீர்கள்: 'புது கூர எந்த மரம்? தம்பி இருந்தா சொல்லுவான்.'

நீலத்துக்குக் கோபால்ட் அண்ணை. கூரை ஓக் மரம். எரிந்ததும் ஓக், இப்போது ஏற்றியிருப்பதும் ஓக். கண் கட்டியவளைப் பற்றி நான் சொன்னதைச் சொல்ல மாட்டேன்.

உங்கள் காயேயில் என்னை மூன்று இடத்தில் தேடியிருக்கிறீர்கள். என் தொலைபேசி எண் மாறவில்லை. உங்கள் வீட்டிலிருந்து என் அச்சகம் இரண்டு மெட்ரோ நிறுத்தம். ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "தம்பி, அது என்ன மரம்?" என்று கேட்டிருந்தால் எழுந்து நாற்காலி தந்திருப்பேன். நினைத்தாலே என் மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது, ஆனால் தந்திருப்பேன். நீங்கள் வரவில்லை. உங்களுக்கு நான் வேண்டும் என்பதைப் பென்சிலில், அழிக்கக்கூடிய விதத்தில், தமிழ் படிக்கத் தெரியாத மகள் இருக்கும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனீர்கள். மன்னிக்கலாம் என்று எனக்குள் ஏதாவது மிச்சம் இருந்திருந்தால், அதையும் அந்தப் பென்சில் வரிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. அவற்றையும் அப்படியே அடித்திருக்கிறேன். உங்கள் மகள் ஒரு வார்த்தை மாற்றாமல் கேட்டாள்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று உண்டு. இன்றும் ஏதாவது ஒரு வாசலுக்கு முன்னால் அண்ணாந்து நின்றால் மனதில் எழும் வாக்கியம் என்னுடையது. அதைச் சொல்லும் குரல் உங்களுடையது. நான் எழுதிய எதையும் என் குரலில் நான் கேட்டதில்லை. தனியே, பூட்டிய அறையில், உரத்து வாசித்துப் பார்த்தேன். இரண்டு வரிக்குள் உங்கள் ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. எங்கே மூச்சு விடுவீர்களோ அங்கேயே நானும் மூச்சு விடுகிறேன். சாகும்வரை இதைச் சுமப்பேன். பொதி தூக்க உதவினார் என்று நீங்கள் எழுதியது இந்த அளவில் சரிதான்.

உங்கள் மகளுக்கு இன்று காலை தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: கடிதம் எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கோ என்று. "பரவால்ல தொந்தோன், எனக்குப் புரியுது," என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

நாளை இது தபாலில் அவளுக்குப் போகும். அவளால் வாசிக்க முடியாது. முதலில் என்னிடம்தான் கொண்டுவருவாள். மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, பியர்ஃபித் டீச்சர் அக்காவை வீட்டுக்குக் கூப்பிடுங்கோ, அவ வடிவா வாசிப்பா என்று அனுப்பிவிடுவேன். டீச்சர் அக்கா உங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து இதை முதல் வரியிலிருந்து உரத்து வாசிக்க வேண்டும். ஷார்த்ர் வரும். தண்ணீர்ப் போத்தல் வரும். தான் கண்ணைச் சிமிட்டியதும் வரும். இடையில் நிறுத்த முடியாது. அந்தப் பிள்ளை எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

கீழே என் பெயரைப் போட்டால் அக்காவுக்குச் சுலபம். பெயரை வாசித்துவிட்டு, "அவனுக்கு எப்பவும் எரிச்சல் பிள்ளை, இதைப் பெரிசா எடுக்காதையும்," என்று மடித்துக் கொடுத்துவிட்டுத் தேநீர் கேட்பார். பெயர் இல்லாவிட்டால், அச்சகத்தை வைத்து ஆளை ஊகித்தாலும், உங்கள் மகள் கேட்பாள், "இத யார் எழுதினது?" என்று. பிறகு, "இது உண்மையா?" என்றும். அந்த இரண்டு கேள்விக்கும் உங்கள் பஸ்ஸில் வந்த ஒருவர், உங்கள் மகளின் முகத்தைப் பார்த்து, தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகளில் ஒருவரும் சொல்லாத பதில். ஒருமுறை உங்களிடம் கடிதம் கேட்டு நின்றேன். இனி என் பெயரை நானே ஒருவரிடமும் கேட்டு வாங்கப் போவதில்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

உறையில் அவள் முகவரியை எழுதிவிட்டேன். முத்திரையும் ஒட்டிவிட்டேன். கையொப்பம் போடாமல்தான் அனுப்புகிறேன்.